கொல்லைக் கீரையும் குன்றிய குழந்தைகளும்

மக்காச்சோளம், பூசணி, மிளகாய், பப்பாளி என்று நம் சமையலில் ஊறிப்போன பலவும் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த தொல்குடிகள் பயிராக்கி உலகுக்குக் கொடுத்தவை. அந்தத் தொல்குடிகளில் ஒரு பெரும் பிரிவினரான மாயா மக்கள் இன்றும் லட்சக்கணக்கில் வாழும் நாடு குவாத்தமாலா. அங்கே 2014-15இல் நடந்த தேசியத் தாய்-சேய் நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் நாட்பட்ட ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். பழங்குடிக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 58 சதவீதம். மேற்கு மலைப்பகுதியில் உள்ள டோட்டோனிக்கபான் மாகாணத்தில் 70 சதவீதம். லத்தீன் அமெரிக்காவில் வேறெந்த நாட்டிலும் நிலைமை இவ்வளவு மோசமாக இல்லை. உலகுக்கே சோறு போட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் பிள்ளைகள் பாதிக்கு மேல் வளராமல் நிற்கிறார்கள். இதற்கு மருந்தாக அரசும் தொண்டு அமைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்லும் வழி ஒன்று உண்டு: வீட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போடச் செய்வது, கூடவே தாய்மாருக்குச் சத்துணவுக் கல்வி கொடுப்பது. நல்ல வழிதான். ஆனால் அதனால் எது நடக்கும், எது நடக்காது என்று பிரித்துப் பார்க்காமல் அதைக் கொண்டாடுவதும் தவறு, எள்ளி ஒதுக்குவதும் தவறு.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். பஞ்ச காலப் படங்களில் நாம் பார்க்கும், விலா எலும்பு தெரியும் குழந்தையின் நிலை வேறு. அது திடீர்ப் பட்டினியால் வரும் மெலிவு. நாட்பட்ட குறைபாடு கண்ணுக்குத் தெரியாது. குழந்தை சிரிக்கும், ஓடும், விளையாடும். வயதுக்கு உரிய உயரம் மட்டும் இருக்காது. ஊரில் எல்லாக் குழந்தைகளும் அப்படியே இருந்தால், குறை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தாயின் வயிற்றில் கருவான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாட்களில்தான் இந்தச் சேதத்தின் பெரும்பகுதி நடக்கிறது. குறைவது உயரம் மட்டுமல்ல. மூளை வேகமாக வளர்வதும் இதே காலத்தில்தான். இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது குவாத்தமாலாவிலேயே நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1949இல் அங்கு தொடங்கப்பட்ட மத்திய அமெரிக்க-பனாமா ஊட்டச்சத்து நிறுவனம், 1969 முதல் 1977 வரை நாட்டின் கிழக்கே நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. இரண்டு கிராமங்களில் புரதம் சேர்ந்த கஞ்சி. மற்ற இரண்டில் புரதமே இல்லாத இனிப்புப் பானம். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள் வளர்ந்தபின் மணிக்குப் பெற்ற கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. கஞ்சி குடித்த பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். அது மாயா கிராமங்களில் நடந்த ஆய்வு அல்ல, ஸ்பானிய மொழி பேசும் கிராமங்களில் நடந்தது. ஆனாலும் குழந்தைப் பருவத்துக் கிண்ணமொன்று ஒருவரின் நாற்பதாவது வயதுவரை பேசும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று அரிது.

"மாயா மக்கள் பரம்பரையாகவே குள்ளமானவர்கள், இதில் நோய் எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் குவாத்தமாலா நகரத்திலேயே நிறையப் பேர். இந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த மாயா பெற்றோரின் பிள்ளைகளை பாரி போகின் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தார்கள். குவாத்தமாலாவில் வளர்ந்த அதே வயது மாயாப் பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 11 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருந்தார்கள். ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது. மாறியது சாப்பாடும் தண்ணீரும் மருத்துவமும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலும் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உருவாக்கப்பட்டதே. நல்ல சூழலில் வளரும்போது முதல் ஐந்தாண்டுகளில் அந்தக் குழந்தைகளின் உயரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குறையைப் பிறப்பின்மேல் போடுவது பொறுப்பைக் கைகழுவும் பேச்சு.

சரி, அந்த மலைக் கிராமங்களில் என்ன சாப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் டோர்ட்டில்லா என்ற மக்காச்சோள ரொட்டி, கொஞ்சம் அவரை வகைப் பயறு, உப்பு, மிளகாய். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கும் பழக்கம் மாயா மக்களின் பெரிய அறிவு. அதனால் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கிறது, கால்சியமும் சேர்கிறது. இந்த முறையைக் கற்காமல் சோளத்தை மட்டும் வாங்கிச் சென்ற ஐரோப்பாவில் பெல்லாக்ரா நோய் கூட்டம் கூட்டமாக ஆட்களைத் தாக்கியது. ஆனால் சுண்ணாம்பாலும் தீராத குறைகள் உண்டு. சோளப் புரதத்தில் லைசினும் டிரிப்டோஃபனும் குறைவு. அதிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் இரும்பும் துத்தநாகமும் குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. ஈரத்தில் சேமித்த சோளத்தில் பூஞ்சை நச்சு ஏறுகிறது. முன்னோர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். சோளத்தண்டில் பயறுக்கொடி ஏற, காலடியில் பூசணி படர, இடையிடையே கீரைகள் தானாக முளைக்கும் மில்பா என்ற கலப்புப் பயிர்முறை அது. அந்த வயலில் களையாகவும் உணவாகவும் முளைக்கும் மக்குய் என்ற கீரை நம் மணத்தக்காளியின் மிக நெருங்கிய உறவு. பிளேதோ என்று அவர்கள் சொல்வது நம் முளைக்கீரை இனம். சிப்பிலின் என்ற கீரையையும், நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டிய சாயா என்ற மரக்கீரையையும் சேர்த்துக்கொண்டால், சோளத்தில் இல்லாத பலவும் அந்தத் தட்டுக்கு வந்துவிடும்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லவேண்டிய முதல் வாதம் இதுதான். தோட்டம் பசியாற்ற வந்ததல்ல. வீட்டையொட்டிய நான்கைந்து பாத்திகள் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவுச்சத்தைக் கொடுக்கமுடியாது, கொடுக்கவும் வேண்டியதில்லை. அதற்குச் சோளம் இருக்கிறது. தோட்டம் கொடுக்கவேண்டியது பலவகை: கீரை, பூசணி, தக்காளி, கொய்யா, எலுமிச்சை. இலவச அரிசியோ சோள மூட்டையோ செய்யமுடியாத வேலை இது. மூட்டையில் வருவது வயிற்றை நிரப்பும். வைட்டமின் ஏ, ஃபோலேட், வைட்டமின் சி போன்றவை பச்சையாக, அன்றன்றைக்குப் பறித்ததாக வரவேண்டும். மலைப்பாதையில் கிழமைக்கு ஒருமுறை சந்தைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்குக் கொல்லையைவிட மலிவான இடம் கிடையாது.

ஆனால் சான்றுகளை நேர்மையாகப் படித்தால் ஒரு கசப்பான செய்தியும் உண்டு. வீட்டுத் தோட்டம் உள்ளிட்ட வேளாண் திட்டங்களைப் பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012இல் வெளிவந்த ஆய்வுரை ஒன்று, மக்கள் உண்பது மாறுகிறது, குழந்தைகளின் உயரம் மாறியதற்குச் சான்று மிகக் குறைவு என்றது. பிற்பாடு நடந்த கூடுதல் கவனமான சோதனைகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் தாய்மாருக்குத் தோட்டமும் கோழியும் சத்துணவுப் பாடமும் சேர்த்துக் கொடுத்தபோது, கைக்குழந்தைகளுக்கு ரத்தசோகையும் மெலிவும் குறைந்தன. உயரத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஒடிசாவில் பழங்குடியினர் மிகுதியாக வாழும் கேந்துஜர் மாவட்டத்தில் 148 கிராமத் தொகுதிகளில் உபவன் என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. பெண்கள் குழுக்களில் உள்ளூர்க் காணொளிகளைக் காட்டி, சத்தான பயிர்களைப் பற்றியும் குழந்தை உணவைப் பற்றியும் பேசவைத்தார்கள். 2021இல் முடிவுகள் வெளிவந்தன. பலவகை உணவு உண்ணும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. குழந்தைகளின் மெலிவும் தாய்மாரின் எடையும் மாறவில்லை.

இதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தால் பயனில்லை என்று கோப்பை மூடிவிட ஒரு அதிகாரிக்குத் தோன்றலாம். என் கணிப்பில் அது தவறான வாசிப்பு. குழந்தையின் உயரம் ஒரே காரணத்தால் குறைவதில்லை. நல்ல உணவு தட்டுக்கு வந்தாலும், குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் குடலின் உட்சுவர் புண்பட்டு, உண்டது உடலில் சேராது. தாயே சிறுவயதில் குன்றியவள் என்றால் குழந்தை எடை குறைந்தே பிறக்கும். தண்ணீரையும் கழிப்பறையையும் மட்டும் தனியாகத் திருத்திப் பார்த்த சோதனைகள் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளிலும் உயரத்தைக் கூட்டவில்லை. அதற்காகக் கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பல ஓட்டைகள் உள்ள குடத்தில் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு நீர்மட்டம் ஏறவில்லையே என்று கேட்பது போன்றது இது. அதோடு, இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. ஒரு சிறுமியின் உடலும் படிப்பும் திருந்தி, அவள் தாயாகி, அவளுடைய குழந்தை நிமிர்ந்து நிற்பதற்கு ஒரு தலைமுறை ஆகும். ரத்தசோகை குறைவதே தன்னளவில் பெரிய லாபம் என்பதையும் மறக்கக்கூடாது.

கீரை மட்டும் போதாது என்பதும் உண்மை. கீரையில் உள்ள இரும்பு உடலில் சேர்வது கடினம்; எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூட இருந்தால் கொஞ்சம் எளிதாகும். வைட்டமின் ஏ சேர ஒரு கரண்டி எண்ணெய் வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதில் போகும் ஒவ்வொரு வாயிலும் சத்து செறிந்திருக்க வேண்டும். அதனால்தான் முட்டை முக்கியமாகிறது. ஈக்வடோர் நாட்டின் மலைப்பகுதியான கோட்டோபாக்சியில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் நாளுக்கு ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சிக் குன்றல் 47 சதவீதம் குறைந்ததாக 2017இல் முடிவு வந்தது. மலாவியில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, முட்டையும் மந்திரமல்ல. ஆனால் நல்ல தோட்டத் திட்டம் என்பது கோழியையும் சேர்த்ததாக இருக்கவேண்டும் என்று சொல்ல இது போதும். அந்தக் கோழிகள் கூண்டுக்குள் இருக்கவேண்டும். தவழும் குழந்தை கோழி எச்சம் படிந்த முற்றத்து மண்ணை வாயில் போட்டுக்கொண்டால், முட்டை கொடுத்ததை வயிற்றுப்போக்கு பறித்துக்கொள்ளும்.

கல்வியின் இடம் இங்கேதான் வருகிறது, அதைப் பற்றிய தவறான எண்ணங்களும் இங்கேதான் நிறைய. பழங்குடித் தாய்க்கு ஒன்றும் தெரியாது, நகரத்திலிருந்து ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டினால் தெளிந்துவிடுவாள் என்ற நினைப்பில் நடத்தப்படும் கூட்டங்கள் பலவும் வீண். மத்திய மலைப்பகுதியில் கக்சிகேல் என்ற மாயா பிரிவினரின் கிராமங்களில் 1970களின் இறுதியிலிருந்து பட்டாணிக் காயும் புரோக்கோலியும் விளைவித்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். காய்கறி வளர்க்கத் தெரியாத மக்கள் அல்லர் அவர்கள். விளைந்த காய் காசாகி, அந்தக் காசு உரக்கடனுக்கும் சோளத்துக்கும் போய்விடுகிறது. வயலைச் சுற்றிக் காய்கறி இருப்பதும் குழந்தையின் வாய்க்குள் காய்கறி போவதும் இருவேறு காரியங்கள். இடையில் இருப்பது பணம், வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது, பெட்டிக்கடையில் தொங்கும் பொரிப் பாக்கெட்டும் வண்ணச் சோடாவும். குன்றிய குழந்தையும் உடல் பருத்த தாயும் ஒரே கூரையின் கீழ் இருப்பது குவாத்தமாலாவில் சர்வ சாதாரணம். இருவருமே சத்துக் குறைவானவர்கள்தான்.

பயன் தரும் கல்வி அடுப்படியில் நடப்பது. குழந்தைக்குக் கொடுக்கும் அட்டோல் என்ற சோளக்கஞ்சி தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், உடல் வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் இருக்கவேண்டும் என்பதைச் செய்து காட்டவேண்டும். வெந்த கீரையையும் பயறையும் மசித்து அதில் சேர்ப்பதைத் தாயின் கையாலேயே செய்யவைக்க வேண்டும். பல்லில்லாத குழந்தைக்கு முழு இலை எதற்கு உதவும்? பேதி கண்ட நாளில் தாய்ப்பாலை நிறுத்தாமல் இருப்பது, கர்ப்பிணியின் பங்கு கடைசியாகவும் குறைவாகவும் போகாமல் பார்ப்பது ஆகியவை தந்தைமாரும் மாமியார்களும் கேட்கவேண்டிய பாடங்கள். இவை எல்லாம் கீச்சே, கெக்சி, மாம் என்று அவரவர் பேசும் மொழியில் நடக்கவேண்டும். அந்த நாட்டில் 22 மாயா மொழிகள் இருக்கின்றன. 2003இல் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் சுகாதார நிலையத்தின் பேச்சு பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம், பெண்ணின் பள்ளிப் படிப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதே 2014-15 கணக்கெடுப்பில் பள்ளிக்கே போகாத தாய்மாரின் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் குன்றியவர்கள். உயர்கல்வி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்த இடைவெளி முழுவதும் படிப்பால் வந்ததல்ல, படித்தவர்களுக்கு வருமானமும் கூடுதல். ஆயினும் ஒரு சிறுமியைப் பள்ளியில் நிறுத்திவைப்பதும், பதினாறு வயதில் அவள் தாயாகாமல் தடுப்பதும் எந்தச் சத்து மாவுக்கும் குறைந்த வைத்தியமல்ல.

தோட்டத் திட்டங்களின் மேல் வைக்கப்படும் மறுப்புகளில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது பெண்களின் நேரம் பற்றியது. விடியுமுன் எழுந்து சோளம் அரைத்து, விறகு சுமந்து, தண்ணீர் சுமந்து, நெய்தலும் செய்யும் ஒருத்தியிடம் இனிப் பாத்திக்கும் நீர் ஊற்று என்று சொல்வது கொடுமை. உண்மைதான். அதனால் தோட்டம் என்றால் முட்டைக்கோசும் கேரட்டும் என்று இறக்குமதி விதைப் பொட்டலங்களைக் கொடுக்கும் வழக்கத்தை விடவேண்டும். மக்குய்யும் சிப்பிலினும் தாமே முளைப்பவை; சாயா ஒரு குச்சியை ஊன்றினால் பல்லாண்டு தழைக்கும்; கொய்யாவும் எலுமிச்சையும் ஒருமுறை வைத்தால் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டால் கோடையிலும் நாலு செடி பிழைக்கும். திட்டம் முடிந்து வாகனம் திரும்பியபின் உயிரோடு இருக்கும் தோட்டம் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும், ஏனென்றால் விதைக்காக அவர்கள் வெளியே கையேந்த வேண்டியதில்லை. சத்தேற்றிய உணவு மலிவல்லவா என்றொரு கேள்வியும் உண்டு. சர்க்கரையில் வைட்டமின் ஏ சேர்ப்பதை 1970களிலேயே தொடங்கிய முன்னோடி நாடு குவாத்தமாலா. வைட்டமின் ஏ குறைபாட்டைக் குறைத்ததில் அதன் பங்கு பெரியது. இன்காபரினா என்ற சத்துமாவும் அங்கே பிறந்ததுதான். அவை தொடரட்டும். ஆனால் சத்தேற்றிய சர்க்கரை வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் குன்றியிருக்கிறார்கள் என்றால், ஒற்றைச் சத்தைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுப்பதன் எல்லையும் தெரிகிறது.

இனி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மறுப்புக்கு வருவோம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு கொல்லையில் கீரை போடச் சொல்வது நியாயமா? 1871க்குப் பிறகு வந்த ஆட்சிகள் மாயா மக்களின் பொது நிலங்களைக் காப்பித் தோட்டங்களாக்கின. 1952இல் ஹாகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு அந்த அரசு கவிழ்க்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். 2003 வேளாண் கணக்கெடுப்பில், ஏறக்குறைய 2 சதவீதப் பண்ணையாளர்களிடம் விளைநிலத்தின் பாதிக்கு மேல் இருந்தது. இந்தக் கணக்கைப் பேசாமல் தோட்டத்தை மட்டும் பேசுபவர், வறுமைக்கான பொறுப்பை ஏழைத் தாயின் மண்வெட்டியின் மேல் சுமத்துகிறார். ஆனால் நிலம் திரும்பி வரும்வரை காத்திரு என்று இன்று ஆறு மாதமான குழந்தையிடம் சொல்லவும் முடியாது. அதன் ஆயிரம் நாட்களில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே போய்விட்டது. தோட்டம் உடனடி வேலை, நிலமும் நீரும் நெடிய வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் ஆட்சி என்பது.

அது முடியாத காரியமுமல்ல. அதே கண்டத்தில் பெரு நாடு, கெச்சுவா மக்கள் வாழும் ஆண்டிஸ் மலைகளைக் கொண்டது, ஏழ்மையும் உள்நாட்டுப் போரும் கண்டது. 2006 தேர்தலின்போது அதிபர் வேட்பாளர்களிடம் குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலைக் குறைப்பதாக உறுதிமொழி வாங்கப்பட்டது. ஏழைத் தாய்மாருக்குப் பணம், அதற்கு ஈடாகக் குழந்தையைத் தவறாமல் எடைபோட்டு அளப்பது, பலன் காட்டும் மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி என்று அரசு விடாமல் செய்தது. 2008இல் 28 சதவீதமாக இருந்த குன்றல் 2016இல் 13 சதவீதமானது. குவாத்தமாலாவில் 2008-09இல் 49.8 சதவீதமாக இருந்தது 2014-15இல் 46.5 ஆனது, அவ்வளவே. ஆட்சி மாறும்போதெல்லாம் புதுப் பெயரில் ஒரு பட்டினி ஒழிப்புத் திட்டம் அறிவிக்கப்படுகிறது. கிராமத்துக்குக் குடிநீர்க் குழாயும் மாயா மொழி பேசும் நிரந்தரச் செவிலியரும் போய்ச் சேர்வதில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதம் மட்டுமே அங்கே வரியாக வசூலாகிறது, லத்தீன் அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. தாய்மார் கொல்லையில் கீரை வளர்த்துத் தங்கள் பங்கைச் செய்துவிடுவார்கள். குவாத்தமாலா அரசு செய்யவேண்டிய பங்கு, வசதியுள்ளவர்களிடம் வரி வாங்கி அந்த மலைக் கிராமங்களில் குழாயும் செவிலியரும் பள்ளியும் நிலைநிறுத்துவது. அதை அது இன்னும் செய்யவில்லை.